அவர் இலையில் வைத்த கிளாஸ்

இரண்டு வருடங்களுக்கு முன், ஆடி மாதம். குற்றாலத்தில் சாரல் நன்றாக விழுந்து, தென்காசி வரை ஊரே நசநசவென்று நனைந்துகிடந்த நேரம். என் கணவரின் பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின சாயங்காலம் எங்கள் வீட்டில் நடந்ததைத்தான் சொல்ல வருகிறேன்.

அதற்கு முன்னால் அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் அன்றைக்கு ஏன் அப்படி நடந்துகொண்டேன் என்பது புரியாது. அன்று வீட்டில் இருந்த பாதிப் பேருக்கே புரியவில்லை.

என் கணவர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். தென்காசியில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருந்தார். கை வேலை சுத்தமாக இருக்கும். ஆனால் குடிப்பார். பட்டறைக்குப் பின்னால் நின்றபடியே, பிளாஸ்டிக் டம்ளரில், யாரோ துரத்திக்கொண்டு வருவதைப் போல மடக் மடக்கென்று ஊற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவார். நான் அழுது பார்த்தேன், சண்டை போட்டுப் பார்த்தேன், கோயில் கோயிலாக வேண்டிப் பார்த்தேன். கடைசியில் சலித்துப்போய் விட்டுவிட்டேன். ஒரு நாள் கல்லீரல் வீங்கி ஆஸ்பத்திரியில் படுத்தார். எழுந்து வந்தவர் நிறுத்திவிட்டார். என் வேண்டுதல்தான் பலித்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். டாக்டர் போட்ட போடுதான் காரணமாக இருக்கும்.

நிறுத்தினாரே தவிர, பொழுது சாய்ந்தால் மனுஷனுக்கு இருப்புக்கொள்ளாது. வாசலுக்கும் அடுப்பங்கரைக்கும் நடந்துகொண்டே இருப்பார். காபி கொடுத்தால் அது காலையில் குடிப்பது என்பார். ஜூஸ் கொடுத்தால் "நான் என்ன சீக்காளியா?" என்று கேட்பார்.

சீசன் நேரத்தில் குற்றாலத்து விடுதிகளில் மோட்டார் பழுது பார்க்கப் போவார். அங்கே ஒரு விடுதியில் நீலக் கலரில் எதையோ கொடுத்து, மது சேர்க்காத காக்டெயில் என்றார்களாம். வீட்டுக்கு வந்ததும் குதித்தார். "சீனித் தண்ணியில நீலத்த ஊத்தி வச்சிருக்கான். அதுக்கு மேல ஒரு சின்னக் காயிதக் குடை வேற" என்றார். மறுநாளே போனில் வீடியோ வீடியோவாகப் பார்க்க ஆரம்பித்தார். எனக்கு அன்றைக்குப் பிடித்தது சனி. மோட்டாரைப் பிரித்துப் போடுவதைப் போல ஒவ்வொரு பானத்தையும் பிரித்துப் போட்டு யோசித்தார். கசப்பு ஒன்று, துவர்ப்பு ஒன்று, தொண்டையில் இறங்கும்போது ஒரு காந்தல். இந்த மூன்றும் வந்துவிட்டால் போதும், போதையே தேவையில்லை என்பது அவர் கணக்கு.

கசப்பையும் துவர்ப்பையும் எங்கே கண்டுபிடித்தார் தெரியுமா? மங்குஸ்தான் தோலில். குற்றாலத்துக்கு வருகிறவர்கள் பழத்தைத் தின்றுவிட்டு வீசிவிட்டுப் போகும் தோல்தான். அதைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து நிழலில் காயவைத்தார். சுக்கு, கிராம்பு, துளி ஜாதிபத்திரி சேர்த்துச் சுண்டக் காய்ச்சி, இறக்கும்போது மிளகை நசுக்கிப் போட்டு, ஆறியதும் வடித்துப் பாட்டிலில் ஊற்றி பிரிட்ஜில் வைப்பார். பார்த்தால் அசல் பிராந்திதான். அந்தக் கசாயத்தோடு கருப்பட்டிப் பாகு, எலுமிச்சம்பழச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு, ஐஸ் எல்லாவற்றையும் மூடி இறுக்கமான ஒரு ஜாடியில் போட்டு, ஜாடிக்கு வெளியே வேர்க்கும்வரை குலுக்குவார். கிளாஸில் வடித்து, மேலே சோடாவை ஓரமாகச் சரித்து ஊற்றுவார். கடைசியில் நார்த்தங்காய்த் தோலை மெலிசாக ஒரு சீவு சீவி, கிளாஸுக்கு மேலே பிடித்து முறுக்குவார். தோலிலிருந்து எண்ணெய் பொடியாகத் தெறிக்கும். அந்த வாசனை மூக்கில் ஏறிய பிறகுதான் வாயில் வைக்க வேண்டுமாம். எல்லாவற்றுக்கும் அளவு, இருமல் மருந்து பாட்டிலின் மூடி. வீட்டில் யாருக்காவது இருமல் வந்தால் நாங்கள் மூடியைத் தேடி அலைவோம்.

டாக்டரிடம் இதைச் சொன்னபோது அவர் கொஞ்சம் யோசித்தார். குடியை விட்டவர்கள் அதைப் போலவே இருக்கும் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டால் சிலருக்குப் பழைய ஆசை கிளம்பிவிடும் என்று எச்சரித்தார். என் கணவர் விடவில்லை. "அப்போ ஒளிஞ்சு நின்னு குடிச்சேன் சார். இப்போ எம்மவ எதுத்தாப்ல உக்காந்து குடிக்கேன். ரெண்டும் ஒண்ணா சார்?" என்றார். கவனமாக இருங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினார் டாக்டர்.

உண்மையிலேயே அப்படித்தான் குடித்தார். கால் வைத்த கண்ணாடிக் கிளாஸ்கள் வாங்கிவந்து, முன்அறையில் எனக்கும் மகளுக்கும் கொடுத்துவிட்டு, தானும் உட்கார்ந்து சாவகாசமாகக் குடிப்பார். அடுப்பங்கரையை நாறடித்துவிட்டார் என்று நான் கத்தாத நாள் இல்லை. ஆனாலும் அந்த நேரத்துக்கு வேலையை முடித்துவிட்டு நானும் வந்து உட்கார்ந்துவிடுவேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவரோடு உட்கார்ந்து நிதானமாகப் பேசியது அந்தக் கிளாஸ்கள் வந்த பிறகுதான்.

அந்த நேரத்துக்கு இன்னொருவரும் வர ஆரம்பித்தார். என் கொழுந்தன், அவருடைய ஒரே தம்பி. இலத்தூரில் வீடு. லோடு வேன் ஓட்டுகிறார். காய்கறி ஏற்றிக்கொண்டு புளியறை வழியாகக் கேரளாவுக்குப் போய்வருவார். அண்ணனுக்குத் தம்பி சளைத்தவர் இல்லை, குடியில். அவர் மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு செங்கோட்டையில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். தம்பியைத் தினமும் வரச்சொல்லி, பக்கத்தில் நிறுத்தி, எலுமிச்சம்பழம் பிழியவும் ஜாடி குலுக்கவும் பழக்கினார் என் கணவர். மெல்ல மெல்ல அவரும் விட்டார். மனைவி திரும்பி வந்தாள். வரும்போதே ஒன்று சொல்லிவிட்டுத்தான் வந்தாள். இன்னொரு தடவை குடித்தால் பிள்ளைகளோடு போய்விடுவேன், அப்புறம் யார் கூப்பிட்டாலும் வரமாட்டேன் என்றாள். அவள் சொன்னால் செய்கிறவள்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு மத்தியானம் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். மாரடைப்பு. பழைய குடியும் உடம்பை அரித்துத்தான் வைத்திருந்தது என்றார்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் துட்டி கேட்க வந்தவர்கள் எல்லோரும் "குடிச்சே போயிட்டானே" என்று என் காதுபடச் சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது. அவர் ஒரு சொட்டுகூடத் தொடாத அந்த வருடங்களை ஊர் எங்கே கொண்டுபோய்ப் போட்டது?

எங்களுக்கு ஒரே மகள். அதனால் கொள்ளி வைத்தது கொழுந்தன்தான். மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாக அவர் நின்றதைப் பார்க்கவே முடியவில்லை. காரியம் முடியும்வரை எங்கள் வீட்டிலேயே இருந்தார்.

பதினாறுக்கு முந்தின சாயங்காலம் படையல். எங்கள் பக்கத்தில் இறந்தவருக்கு என்னென்ன பிடிக்குமோ அதையெல்லாம் இலையில் வைத்து, சூடம் காட்டி, பிறகு பங்காளிகள் பகிர்ந்துகொள்வார்கள். இட்லி, வடை, மீன் குழம்பு, அதிரசம் என்று இலை நிறைந்தது. நான் உள்ளறையில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். அப்படித்தான் உட்கார வேண்டும் என்பது முறை. கதவு திறந்திருந்ததால் எல்லாம் தெரிந்தது.

சின்ன மாமா, அதாவது என் மாமனாரின் தம்பி, மழையில் நனைந்துகொண்டே வெளியில் போய்விட்டு வந்தார். போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். தகப்பன் இல்லாத அண்ணன் தம்பி இரண்டு பேரையும் தோளில் போட்டு வளர்த்தவர். மடியிலிருந்து ஒரு குவார்ட்டர் பிராந்தி பாட்டிலை எடுத்தார். வேட்டி நுனியால் அதைத் துடைத்து இலையின் ஓரத்தில் வைத்தார். வைக்கும்போது அவர் அழுதார். அதனால்தான் எனக்கு உடனே கோபம் வரவில்லை. அவர் கெட்டவர் இல்லை. செத்துப்போன பிள்ளைக்குப் பிடித்ததை வாங்கிவந்திருக்கிறார், அவ்வளவுதான்.

பிறகு பக்கத்தில் நின்ற என் கொழுந்தனின் தோளில் கையைப் போட்டுச் சொன்னார். "ஏலே, சூடம் காட்டுனதும் கொள்ளி வச்சவன் நீதான் மொத வாய் குடிக்கணும். அப்பதான் ஒங்க அண்ணன் மனசு ஆறிப் போவான்."

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கொழுந்தனின் மனைவி சட்டென்று என் கையைப் பிடித்தாள். "அக்கா" என்றாள்.

நான் கொழுந்தனைப் பார்த்தேன். அவர் மாட்டேன் என்று சொல்லவில்லை. பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார். இருபது வருடம் ஒரு குடிகாரரோடு வாழ்ந்தவள் நான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அண்ணன் பெயரைச் சொல்லி ஒரு வாய் உள்ளே போனால் அதோடு நிற்காது. நாளைக்குப் பந்தி முடிவதற்குள் இவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு செங்கோட்டைக்குப் பஸ் ஏறிவிடுவாள்.

எனக்கு வாய் நீளம் என்று புகுந்த வீட்டில் எப்போதும் ஒரு பெயர் உண்டு. பெயர் இருக்கும்போது பயன்படுத்தாமல் என்ன? எழுந்து வெளியே வந்தேன். பெண்கள் "ஏளா, இப்ப வெளிய போவக்கூடாது" என்று சேலையைப் பிடித்து இழுத்தார்கள். நான் நிற்கவில்லை.

"மாமா, அவுகளுக்குப் பிடிச்சது இது இல்ல" என்றேன்.

"மருமவளே, எனக்குத் தெரியாதா? நான் வளத்த பயலுக்கு எது பிடிக்கும்னு எனக்கா சொல்லுத?" என்றார் சின்ன மாமா. "பிடிச்சத வைக்காம விட்டா அவன் ஆத்மா இந்த வீட்டையே சுத்திக்கிட்டுக் கெடக்கும். நீ உள்ள போ தாயி."

அவரோடு மல்லுக்கு நிற்க என்னிடம் வார்த்தை இருந்தது. ஆனால் நான் கத்தினால் அவரும் கத்துவார், நாலு பேர் சமாதானத்துக்கு வருவார்கள், அந்தக் கலவரத்தில் பாட்டில் கைமாறிவிடும். அதனால் வேறு ஒன்று செய்தேன். அப்போது யோசித்துச் செய்ததாகச் சொல்ல முடியாது. கொழுந்தனைப் பார்த்து, "தம்பி, இங்கன வாங்க. உங்க அண்ணன் கலக்குததக் கலக்கி இலையில வைக்கணும். எனக்கு அளவு தெரியாது" என்றேன்.

அது பொய் இல்லை. அத்தனை நாள் குடித்திருக்கிறேனே தவிர, ஒரு நாளாவது கலக்கியிருக்கிறேனா? திட்டத்தான் நேரம் இருந்தது.

அவர் கண்ணைப் பாட்டிலிலிருந்து எடுக்கவே கொஞ்ச நேரம் ஆனது. பிறகு தூக்கத்தில் நடக்கிறவரைப் போல என் பின்னால் அடுப்பங்கரைக்கு வந்தார். பிரிட்ஜைத் திறந்தேன். இட்லி மாவுக்கும் பால் பைகளுக்கும் பின்னால் என் கணவர் கடைசியாகக் காய்ச்சி வைத்த பாட்டில் இருந்தது. பாதிக்கும் கீழே. அதைப் பார்த்ததும் இருவரும் அப்படியே நின்றுவிட்டோம். என் மகள் பின்னாலேயே வந்து ஐஸ் எடுத்து ஜாடியில் போட்டாள்.

கொழுந்தன் கசாயப் பாட்டிலைத் திறந்தார். மூடியில் ஊற்றும்போது பாதி கீழே சிந்தியது. குலுக்கி, வடித்து, ஒரு ஸ்பூனில் எடுத்து வாயில் வைத்தவர் முகத்தைச் சுளித்தார். "அண்ணன் கலக்குத மாதிரி இல்ல மைனி. உப்ப மறந்துட்டேன்" என்றார். அதை அப்படியே கீழே கொட்டிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். வெளியே சின்ன மாமா நேரம் போகிறது என்று குரல் கொடுத்தார். இவர் காதில் வாங்கவில்லை. கருப்பட்டிப் பாகை மூடியில் நிரப்பி, கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்து ஊற்றினார். ஜாடியைக் குலுக்கத் தொடங்கியபோது, "பொறு, வேர்க்கட்டும், பொறு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது அச்சு அசலாக என் கணவரின் குரல். அவர் போன நாளிலிருந்து மரம் மாதிரி இருந்த நான், அந்த அடுப்பங்கரையில் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதேன். கொழுந்தனும் அழுதார். ஆனால் குலுக்குவதை நிறுத்தவில்லை.

நார்த்தங்காய்த் தோலை முறுக்கும்போது அவர் கை நிதானத்துக்கு வந்திருந்ததைக் கவனித்தேன்.

கிளாஸை அவரே எடுத்துக்கொண்டு போய் இலையில் வைத்தார். பிராந்தி பாட்டிலை யாரும் எடுக்கவில்லை, அதுவும் இருந்தது. நானும் எடுக்கச் சொல்லவில்லை. சூடம் காட்டினார்கள். எல்லோரும் விழுந்து கும்பிட்டார்கள். சின்ன மாமா பாட்டிலின் மூடியில் கையை வைத்தார். அதற்குள் என் கொழுந்தன் குனிந்து கண்ணாடிக் கிளாஸை எடுத்து, நின்ற இடத்திலேயே ஒரு வாய் குடித்தார்.

"என்னலே, கலர் தண்ணியக் குடிக்க?" என்றார் சின்ன மாமா.

"அண்ணன் இதத்தான் குடிச்சான் சித்தப்பா. தெனமும் குடிச்சான். நீங்களும் குடிச்சுப் பாருங்க" என்று கிளாஸை நீட்டினார் அவர்.

எல்லோர் முன்னாலும் மறுக்க முடியாமல் வாங்கிக் குடித்தார் மாமா. மிளகும் சுக்கும் தொண்டையைப் பிடிக்க இருமினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கிளாஸைத் தூக்கிப் பார்த்தார். இன்னொரு வாய் குடித்தார். "இதக் குடிக்க என்னைய ஒரு நாளும் கூப்பிடலியே இந்தப் பய" என்றார். பிறகு அவரே சொன்னார். "நான் வந்தா பாட்டிலோடதான் வருவேன்னு பயந்திருப்பான்."

அதைச் சொல்லிவிட்டு, வளர்த்த பிள்ளையின் இலைக்கு முன்னால் அந்தப் பெரிய மனிதர் சம்மணம் போட்டு உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. பாட்டிலை அவரே எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதை அவர் பிற்பாடு குடித்திருப்பார். அது அவர் பாடு.

நான் ஜெயித்துவிட்டதாகத்தான் அன்று நினைத்தேன். என் வாய்க்குக் கிடைத்த வெற்றி என்றுகூட உள்ளுக்குள் ஒரு சின்னக் கர்வம் இருந்தது.

மறுநாள் காரியம் முடிந்து, பந்தி முடிந்து, உறவுக்காரர்கள் எல்லோரும் புறப்பட்ட பிறகு கொழுந்தன் என்னைத் தனியே கூப்பிட்டார். வாசலில் நின்ற வேனின் கதவைத் திறந்து, சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பையை எடுத்தார். உள்ளே சீல் உடைக்காத ஒரு முழு பாட்டில்.

"படையலுக்கு முந்தியே, நேத்துக் காலையிலயே வாங்கி வச்சிட்டேன் மைனி" என்றார். தலையைத் தூக்கவில்லை. "சித்தப்பா வச்சிருக்காட்டாலும் நான் குடிச்சிருப்பேன். எல்லாரும் தூங்கட்டும்னு இருந்தேன். அண்ணன் இல்லாம என்னால முடியாதுன்னு தோணிட்டு. நீங்க அடுப்பங்கரைக்குக் கூப்பிட்டதுக்கு அப்புறம் இத எடுக்கணும்னு தோணல."

வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் கண்ணில் பட்ட ஒரு பாட்டிலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். நிஜமான பாட்டில் வாசலில் நின்ற வேனுக்குள் இருந்திருக்கிறது. அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கத்திக் கூப்பாடு போட்டு, அவமானப்படுத்தி, ஒருவேளை நானே அவரைக் குடிக்க விரட்டியிருப்பேன்.

"இத என்ன செய்ய மைனி?" என்று கேட்டார்.

கீழே ஊற்றிவிடுங்கள் என்று நாக்கு நுனிவரை வந்தது. அடக்கிக்கொண்டு, "என்கிட்ட குடுக்காதீங்க தம்பி. உங்க வீட்டுக்காரிகிட்ட கொண்டு போய்க் குடுங்க. எங்கிட்ட சொன்னத அவகிட்ட சொல்லுங்க" என்றேன்.

அவர் பயந்தார். நானும் பயந்தேன். பொய் சொல்லவில்லை, அவள் அந்த நிமிஷமே கிளம்பிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். பையை எடுத்துக்கொண்டு அவர் பின்கட்டுக்குப் போனார். அங்கே அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்க்கும் சத்தம் நின்றது. வெகுநேரம் கழித்துத்தான் மறுபடியும் கேட்டது. கொஞ்சம் கழித்து, கழுவிய பாத்திரங்களை இருவருமாகச் சேர்ந்து உள்ளே தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவள் கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்து, "அக்கா, நாங்க எல்லாருமா நாளைக்கு இலத்தூருக்குப் போறோம். இன்னைக்கு இங்கனயே இருந்துக்கிடுதோம்" என்றாள்.

கதை இப்படி அழகாக முடிந்துவிட்டதாகச் சொன்னால் அது நிஜம் இல்லை. நடுவில் ஒரு தடவை அவர் சறுக்கினார். ஒளிக்காமல் அவரே போய்ச் சொன்னதால் அவள் பிள்ளைகளோடு கிளம்பவில்லை. மறுநாளே மனைவியோடு வந்து, அவரே அதைச் சொல்லி, டாக்டரிடமும் போனார். இப்போது விட்டிருக்கிறார். நாளையைப் பற்றி அவரும் பேசுவதில்லை, நாங்களும் கேட்பதில்லை. வேலை இல்லாத நாட்களில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிடுவார்கள். குலுக்குவது அவர், குறை சொல்வது நான்.

இறந்தவர்களுக்குப் பிடித்ததைப் படைக்கும் முறையை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் பிடித்தது எது என்று ஊர் சொல்வது பழைய கணக்கு. ஒரு மனுஷன் கஷ்டப்பட்டு மாறிய கணக்கை வீட்டில் இருக்கிறவர்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். போனவருடைய மானத்துக்காகவும், கண்ணில் பட்ட அந்த ஒரு பாட்டிலைத் தடுக்கவும்தான் நான் அன்று உள்ளறையிலிருந்து எழுந்து வந்தேன். அது இருக்கிறவருடைய வாழ்க்கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது என்று நினைக்கும்போதெல்லாம், உட்கார்ந்தே இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று இப்போதும் எனக்குப் பயமாக இருக்கிறது.